அநேகநாளிருக்கும்படிக்கு

நான் டயாலிசிஸ் பிரிவில், அதாவது சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் மூலம் சுத்தப்படுத்துகிற இடத்தில், நர்ஸாக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அதே நாற்காலி, அதே மெஷின். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால்தான் இதிலிருந்து விடுதலை, அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதனால் "சீக்கிரம் சரியாகிவிடும்" என்று எங்கள் வார்டில் யாரும் சொல்ல மாட்டோம். சொன்னாலும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உயிர்த்தெழுதலைப் பாடிவிட்டு, திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு இங்கே வந்து நிற்கிறேன். பாடிய அந்த நம்பிக்கைக்கு இந்த வார்டில் என்ன வேலை? பல வருஷமாக என்னைக் குடைந்த கேள்வி இது. ஆறுதல் வசனங்களை எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பதில் கிடைத்தது ஒரு நிலப் பத்திரத்தில்.

வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம், 32ஆம் அதிகாரம். பாபிலோன் படை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது. நகரம் எதிரி கையில் விழும் என்று சொன்னதற்காக எரேமியாவைக் காவற்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய பெரியப்பா மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். எருசலேமிலிருந்து ஆனதோத்துக்கு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். ஆனால் சுற்றிலும் எதிரிப் படை. யார் வாங்குவார்கள்?

எரேமியா வாங்குகிறார். விலை 17 சேக்கல் வெள்ளி, இன்றைய எடையில் சுமார் 200 கிராம். அந்தப் பத்திரப்பதிவை வேதம் எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறது என்று பாருங்கள். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், முத்திரை போடுகிறார், சாட்சி வைக்கிறார். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என்று இரண்டு பிரதிகள். இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, "அவைகள் அநேகநாளிருக்கும்படிக்கு" ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். இந்த தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொல்லியிருந்தார், அந்த ஒரு வார்த்தைதான் கையில் இருந்தது.

நகரம் தப்பிவிடும் என்று எரேமியா கனவு காணவில்லை. விழும் என்று சொன்னவரே அவர். அடுத்த வருஷமே விழுந்தது. பிறகு அவரையும் பாருக்கையும் ஜனங்கள் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு நாளாவது ஏர் பிடித்ததாக வேதத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் பத்திரத்தில் ஒரு குறை வைக்கவில்லை மனிதர்.

வீடுகளும் நிலங்களும் மறுபடியும் வாங்கப்படும் என்ற அந்த வசனத்தை 1943இல் ஒரு சிறைக்கைதி தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துச் சொன்னார். ஜெர்மனியின் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். அந்த வருஷம் ஜனவரியில்தான் நிச்சயம், ஏப்ரலில் ஹிட்லர் ஆட்சி அவரைக் கைது செய்துவிட்டது. சுற்றிலும் எல்லாம் இடிந்துகொண்டிருக்கும்போது கல்யாணத்தைப் பற்றிப் பேசுவதற்கு எரேமியாவின் நிலம்தான் அவருக்குத் துணை. கல்யாணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிட்டார்கள்.

சரி, இப்போது என் வார்டுக்கு வருகிறேன்.

டயாலிசிஸுக்காகக் கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை சிகிச்சை செய்வார்கள். ஃபிஸ்டுலா என்போம். அது தடித்து ஊசி தாங்குகிற பதத்துக்கு வர வாரக்கணக்காகும். விரலை லேசாக அதன்மேல் வைத்தால் உள்ளே ரத்தம் கிர்ரென்று அதிர்ந்து ஓடுவது தெரியும். அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி. ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே தோல் மரத்துவிடும், வலி குறையும், ஊசி சுலபமாக இறங்கும். குத்துகிறவருக்கும் வசதி, குத்திக்கொள்கிறவருக்கும் வசதி. ஆனால் போகப் போக அந்த இடத்தில் குழாயின் சுவர் நைந்து புடைத்துவிடும். ஃபிஸ்டுலா பல வருஷம் உழைக்க வேண்டுமானால் இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். புது இடம் வலிக்கும். கூடுதல் நேரமும் ஆகும்.

எண்பதைத் தாண்டிய ஒரு ஐயா என்னிடம் சலித்துக்கொள்வார். "எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? பழைய இடத்துலயே குத்திட்டுப் போயேன்." அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நானும் பதிலுக்கு, "இந்தக் கை இன்னும் ரொம்ப நாள் உழைக்கணும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் புது இடம் தேடுவேன். முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டுவார். சில மாதங்களில் இறந்துபோனார். கடைசி நாள் வரைக்கும் அந்தக் கையில் ஒரு புடைப்பு கிடையாது. அவருக்கு நாளை உண்டு என்று நான் நம்புகிறேன், அந்தக் கடைசி நாளுக்குப் பிறகும்கூட. அப்படி நம்புகிறவள் அவர் கையை வேறு எப்படித் தொட முடியும்?

அவர் போன மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். மெஷினைத் துடைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. விசுவாசிகள் இப்படி அழலாமா என்று சிலர் கேட்பார்கள். இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்துதானே இயேசு அந்தக் கல்லறைக்குப் போனார்? போகிற வழியில் கண்ணீர் விட்டாரே! தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போதும், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். துக்கமே கூடாது என்று எங்கே சொன்னார்?

ஒரு விஷயத்தைக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நோயாளிகளைப் பார்க்க வருகிற சிலர், "விசுவாசம் இருந்தா மெஷின் எதுக்கு?" என்று காதில் ஓதிவிட்டுப் போகிறார்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றே போகலாம். வழக்கமாக வருகிற இரண்டு நாள் இடைவெளியே ஆபத்தானது என்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும். தயவுசெய்து இப்படிப் பேசாதீர்கள். அதற்குப் பதில் பக்கத்தில் உட்காருங்கள். நாலு மணி நேரம் பேச்சுத்துணைக்கு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நாற்காலியில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள்.

1 கொரிந்தியர் 15 முழுவதும் உயிர்த்தெழுதல்தான். கடைசி எக்காளம், மரணமே உன் கூர் எங்கே என்ற வெற்றி முழக்கம். அதை முடிக்கிற வசனத்தில் பவுல், கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் வீண் போகாது என்கிறார். அப்புறம் 16ஆம் அதிகாரத்தின் முதல் வரியிலேயே தர்மப்பணம் சேர்ப்பது எப்படி என்று ஆரம்பித்துவிடுகிறார். வாரத்தின் முதல்நாளில் அவரவர் எடுத்து வையுங்கள், நான் வந்த பிறகு சேர்க்க ஆரம்பிக்க வேண்டாம் என்று கறாராகச் சொல்கிறார். எக்காளத்திலிருந்து காணிக்கைக் கணக்குக்கு அவர் இப்படித் தாவுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். உயிர்த்தெழுதலை நம்புகிற மனிதர் தேதியோடு வேலை பார்க்கிறார்.

என் வேலையிலும் தினமும் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். நோயாளியை இணைப்பதற்கு முன்னால் குழாய்களில் சலைன் என்கிற உப்புநீரை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவோம். ரத்தத்தை வடிகட்டுகிற டயாலைசரை விரலால் தட்டிக்கொண்டு நிற்கிற அந்தச் சில நிமிஷம், யாருக்காக அது தயாராகிறதோ அவர் பேரைச் சொல்லி ஜெபிப்பேன். அவருக்கு வேண்டியதைக் கேட்பேன், சிறுநீரகத்தையும் கேட்பேன். வெட்கப்படாமல் கேட்பேன்.

ஒரு நாள் இதைக் கவனித்துவிட்ட ஒரு இளம்பெண், "என்ன சிஸ்டர் முணுமுணுக்கறீங்க?" என்றாள். சொன்னேன். "உங்க சாமி என்னைச் சரியாக்கிடுவாரா?" என்றாள். அவள் கிறிஸ்தவள் இல்லை. "தெரியாதும்மா. கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். ஆனா உன்னைக் கைவிட மாட்டார்னு மட்டும் தெரியும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நாளைக்கும் கேளுங்க" என்றாள்.

போன மாதம் அவள் இடது கையில் ஊசிகளோடு, மடியில் ஒரு அட்டையை வைத்து, வலது கையால் ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷப் பட்டப்படிப்பு. காலையில் வகுப்பு என்பதால் ஷிஃப்டை மாற்ற முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். மாலை ஷிஃப்டில் இடம் இல்லை. இரண்டு பேரிடம் பேசி நேரத்தை மாற்றி, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கி, பட்டியலில் அவள் பெயரை ஏற்றிவிட்டேன். வகுப்பு தொடங்குகிற வாரத்திலிருந்து அவள் மாலையில் வருவாள்.