தனி ஊராட்சி கேட்டு நடந்த மூன்றரை ஆண்டுகள்

எங்கள் மூன்று குக்கிராமங்களும் தாய்க்கிராமத்திலிருந்து 7 கிலோமீட்டர் தள்ளி, பெரிய கண்மாய்க்கு மறுகரையில் இருக்கின்றன. நேரடிப் பேருந்து கிடையாது. ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு வேலையாகப் போனால் அரை நாள் போய்விடும். பிரிந்துவிடலாம் என்ற பேச்சு என் தந்தை காலத்திலிருந்தே உண்டு. அதை மனுவாக எழுதிக்கொண்டு 2022 முதல் 2025 டிசம்பர் வரை அலைந்தவர்களில் நானும் ஒருவன்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 4ஆவது பிரிவில், ஒரு வருவாய்க் கிராமத்தையோ அதன் ஒரு பகுதியையோ, மக்கள்தொகை 500க்குக் குறையாதிருந்தால், தனி ஊராட்சிக் கிராமமாக அறிவிக்கும் அதிகாரத்தை ஊராட்சிகளின் ஆய்வாளருக்குத் தருகிறது. அந்த ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான் என்பது தெரியாமல் நாங்கள் நேரே சென்னைக்கு அனுப்பிய முதல் மனு, சுற்றிச் சுற்றி ஆட்சியர் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது.

கிராம சபைத் தீர்மானம் இல்லாமல் கோப்பு நகராது என்றார்கள். தாய் ஊராட்சியின் மக்கள்தொகை 3,001க்கும் 10,000க்கும் இடைப்பட்டது என்பதால், சபை கூட 200 பேர் வந்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் 15 அன்று எங்கள் பக்கத்திலிருந்தே 160 பேரை வேன்களில் அழைத்துப் போனோம். தீர்மானம் எழுதப்பட்டது, வரிசையில் நின்று கையெழுத்திட்டோம், ஊருக்குத் திரும்பி மிட்டாயும் கொடுத்தோம். நான்கு மாதம் கழித்து ஒன்றிய அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்தது: தீர்மானப் புத்தகத்தில் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று இல்லை, ‘பரிசீலிக்குமாறு கோரப்பட்டது’ என்றே இருந்தது. கோரிக்கைக்கு மதிப்பில்லை. 2023 ஜனவரி 26 அன்று மறுபடியும் வேன் பிடித்தோம். இம்முறை தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே யாரும் பேனாவைத் தொட்டார்கள்.

எதிர்பாராத சிக்கல் தலைக்கணக்கில் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருவாய்க் கிராமத்துக்கு ஓர் எண்ணைத் தருகிறதே தவிர, அதன் உட்கடைகளுக்குத் தனித்தனியே தருவதில்லை. வீட்டு வரிப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டைகள் மூன்றையும் பக்கத்தில் வைத்து, வீடு வீடாக நாங்களே ஒரு பட்டியல் தயாரித்துக் கிராம நிர்வாக அலுவலரின் சரிபார்ப்புக்குக் கொடுத்தோம். திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. கடைசியில் 1,340 பேர் என்று சான்று கிடைத்தது.

எல்லையைக் கண்மாயின் நடுவே கோடு கிழித்து வகுத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் விரித்த நில அளவையர், கண்மாய் முழுவதும் ஒரே புல எண் என்றும், எல்லை புல எண்களின் ஓரமாகத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அங்கேதான் தாய்க்கிராமத்தாரின் எதிர்ப்பும் இருந்தது. அறிவிக்கை வெளியிடுமுன் பாதிக்கப்படும் ஊராட்சிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்பது சட்டம்; மீன்பாசிக் குத்தகையும் புளியமரக் குத்தகையும் போய்விட்டால் ஊராட்சியின் சொந்த வருவாயில் என்ன மிஞ்சும் என்று அவர்கள் கேட்டார்கள். எங்கள் ஊரில் அதைப் பொறாமை என்றார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. கண்மாயை அவர்களுக்கே விட்டுவிட்டு, எங்கள் பக்கத்துக் கரையை ஒட்டி எல்லையை வைத்துக்கொண்டோம். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியும் அதன் மோட்டாரும் எங்களுக்கு. அறிவிக்கை நாள் வரையிலான மின்கட்டண நிலுவை பழைய ஊராட்சி மின்கட்டணம் போன்றவற்றுக்காக வைத்திருக்கும் 2ஆம் எண் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தப்பட வேண்டும். இந்தக் கடைசி வரியை எழுத்தில் வாங்க மூன்று முறை பேச வேண்டியிருந்தது.

கோப்பு சென்னை சைதாப்பேட்டைப் பனகல் மாளிகையில், ஊரக வளர்ச்சி இயக்குநர் அலுவலகத்தில் இருந்தபோதே, 2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் சென்னையிலிருந்து ஊராட்சியின் கருத்தை மறுபடியும் கேட்டபோது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலராக வட்டார வளர்ச்சி அலுவலரே கையெழுத்திட்டுத் தமக்கே அனுப்பி, தாமே பெற்று மேலே பரிந்துரைத்தார். இத்தனை ஆண்டுகளில் மிக வேகமாக நடந்தது அந்த ஒரு கடிதம்தான். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக 2025 டிசம்பர் 31க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்றக்கூடாது என்ற அறிவிப்பு வந்ததும் எங்களுக்குத் தூக்கம் போனது. வாரம் ஒருவர் முறைவைத்து ஆட்சியர் அலுவலகப் படியேறினோம். கெடுவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் மாவட்ட அரசிதழில் அறிவிக்கை வெளியானது.

தேர்தல் நடக்காததால் புதிய ஊராட்சிக்குத் தலைவர் இல்லை. தனி அலுவலரின் பொறுப்பிலேயே இருக்கிறது. தொட்டி மோட்டாரின் மின் இணைப்பு இன்னும் பழைய ஊராட்சியின் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றக் கோரும் விண்ணப்பத்தைப் போன வாரம் கொடுத்தோம். அரசிதழின் சான்றிட்ட நகல் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.