இளநீர்க் கிணறு

யாழ்ப்பாணத்துக் கடலில் இருக்கும் நெடுந்தீவை விட்டு வந்தபோது அப்பாவுக்கு 9 வயது. கிளிநொச்சிப் பக்கம் வயற்காணி கிடைத்ததென்று அப்பப்பா குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு தீவுப் பேச்சு வந்தால் அப்பா சொல்வது ஒன்றுதான்: "எங்கடை வளவுக் கிணத்துத் தண்ணி இளநீர் மாதிரி." கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த ஆகஸ்ட் விடுமுறையில், 76 வயது அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு படையாகக் கிளம்பினோம்.

பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் துறை. அங்கே நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள். நெடுந்தீவுப் படகில் ஊர்ச்சனமும் அரிசி மூட்டைகளும்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். சோளகக் காற்று வீசும் காலத்தில் கீழே இருந்தால் வாந்தி, மேலே இருந்தால் தொப்பி பறக்கும். மனைவிக்கு முதலாவது, மகனுக்கு இரண்டாவது.

நெடுந்தீவில் இறங்கும் மாவிலித்துறையில் குமுதினிப் படகு நினைவிடம். 1985 மே 15 அன்று இந்தக் கடலில் அந்தப் படகில் போனவர்களில் பலர், குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மகள் "ஏன்?" என்றாள். பிறகு சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

ஓர் ஓட்டோ பிடித்துக்கொண்டோம். வைத்தியசாலைக்குப் பின்னால் ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு; தீவுக்குத் தங்கள் ஊரான டெல்ஃப்ட்டின் பெயரை வைத்தவர்கள் அவர்கள்தான். புறாக்கூட்டையும் பார்த்தோம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் இரண்டும் புகுந்து வெளியே வர மறுத்தன. வெட்டைவெளியில் மேயும் மட்டக்குதிரைகள், ஐரோப்பியர் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவையாம். படத்தில் பார்த்த கம்பீரமில்லை. விலா எலும்பு தெரிந்தது, தண்ணீருக்கு அலைகின்றன.

எனக்குப் பிடித்தது மதில்கள்தான். யாழ்ப்பாணத்துக் கதியால் வேலி இங்கே அபூர்வம். முருகைக்கற்களைச் சாந்து எதுவும் பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்பூவாய்ப் பவளத்தின் அச்சு. இடுக்கில் ஓணான். காற்று உள்ளே புகுந்து போய்விடுவதால் மதில் விழுவதில்லை என்றார் ஓட்டோத் தம்பி.

அப்பாவுக்கு வளவு அடையாளம் தெரியவில்லை. எல்லா ஒழுங்கையும் ஒரே மாதிரி: மதில், பனை, மதில். மூன்றாவது ஒழுங்கையில் ஓர் ஆச்சி வெளியே வந்து, "ஆற்றை மோன் நீ?" என்று கேட்டார். 76 வயது மனுஷனை 'நீ' என்று கேட்க ஊரில் இன்னும் ஆள் இருந்ததில் அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்பம்மாவின் பெயரைச் சொன்னார். ஆச்சி கையைக் காட்டிய இடத்தில் வீடு இல்லை. இரண்டு பக்க மதிலும், பனைவடலிகளும், ஒரு கிணறும் மட்டும்.

கிணற்றுக் கட்டும் முருகைக்கல்லில்தான். ஆச்சி வீட்டு வாளியைக் கயிற்றில் கட்டி அப்பாவே இறக்கினார், என்னை விடவில்லை. கையில் ஏந்தி எல்லோருக்கும் வார்த்தார். மகன் உடனே துப்பிவிட்டான். சவர்த் தண்ணீர். மனைவி என்னைப் பார்த்தாள், நான் பனையைப் பார்த்தேன். அப்பா இரண்டு கை நிறையக் குடித்துவிட்டு, "மழை இல்லை, அதுதான்" என்றார்.

பின்னேரப் படகில் பக்கத்தில் இருந்த ஒருவர் எங்கே வந்தீர்கள் என்று விசாரித்தார். அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கடை வளவைப் பாக்க வந்தனாங்கள். வீடு போட்டுது. கிணறு இருக்கு, நல்ல தண்ணி."