அப்பாவின் கண்புரை ஆபரேஷனும் கேஸ் ஷீட்டில் ஏறிய ஒரு வரியும்

அப்பாவுக்கு 72 வயது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, லென்ஸ் வைத்துவிடலாம் என்றார் டாக்டர். சர்க்கரை, ஈசிஜி, கண் ஸ்கேன் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. ஆபரேஷனும் அரை மணி நேர வேலைதான். எங்களைப் படுத்தி எடுத்தது இன்சூரன்ஸ்.

பாலிசி எடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது. கண்புரைக்கான 24 மாதக் காத்திருப்பு தாண்டிவிட்டதால் கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் வசதி, வந்துவிடும் என்று நிம்மதியாக இருந்தோம். ஆபரேஷன் அன்று காலை சொட்டு மருந்து விட்டு, பச்சை அங்கி மாட்டி, வலது புருவத்துக்கு மேல் அடையாளத்துக்கு பிளாஸ்டர் ஒட்டி அப்பாவை உட்கார வைத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கவுன்டரில் கூப்பிட்டார்கள். "சார், அப்ரூவல் வரலை. பணம் கட்டிடறீங்களா, தள்ளி வச்சுக்கலாமா?"

காரணம் கேட்டால் "கம்பெனில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க" என்பதோடு சரி. மெயிலை பிரின்ட் எடுத்துக் கொடுக்கும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று போட்டிருந்தது. முதல் நாள் ஓபியில் ஜூனியர் டாக்டர் எவ்வளவு நாளாக மங்கல் என்று கேட்க, அப்பா பேச்சுவாக்கில் "அது கிடக்கு, மூணு நாலு வருஷமா" என்றிருக்கிறார். அது அப்படியே கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. பாலிசிக்கு முந்தைய நோய் என்றால் 36 மாதம்வரை காக்க வைக்கலாம்.

கைகொடுத்தது பாலிசிப் புத்தகம்தான். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்த நோய், அல்லது டாக்டர் சிகிச்சையோ ஆலோசனையோ சொன்ன நோய்தான் அந்தக் கணக்கில் வரும். அப்பாவோ அதுவரை கண் டாக்டர் பக்கமே போகாமல், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தவர். சர்ஜனிடம் ஓடினேன். நல்ல மனிதர், புரை முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கே, இந்தத் தேதியில் என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் உத்தரவிட்டிருப்பதைச் சொன்னேன். "அதெல்லாம் பேப்பர்ல சார்" என்று சிரித்தார் கவுன்டர் பெண். அப்பாவைக் கடைசி ஆளாகத் தள்ளி, மறுபடி சொட்டு மருந்து விட்டார்கள். சாயங்காலம் அப்ரூவல் வந்தது! ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்று பாலிசியில் உச்சவரம்பு உண்டு. கிட்டப் பார்வை, தூரப் பார்வை இரண்டுக்கும் உதவும் மல்டிபோக்கல் லென்ஸ் கேட்டால் மிச்சம் நம் கையிலிருந்துதான். நாங்கள் ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோபோக்கலே போதும் என்றுவிட்டோம்.

ஓபியில் பெரியவர்களைத் தனியாகப் பேசவிடாதீர்கள். எழுதியதை அங்கேயே வாங்கிப் படித்துவிடுங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னாலும் பாலிசியில் முன்னாலும் இருந்தால் முன்கூட்டியே சரிசெய்துவிடுங்கள், அதற்கும் ஒரு கேள்வி வந்தது. இன்னொன்று, சிறுநீர்ப் பிரச்சினைக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிற ஆண்கள் கூச்சப்படாமல் கண் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையால் கண்மணியைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் திரை தளர்ந்து ஆபரேஷன் சிக்கலாகலாம். நிறுத்திவிட்டாலும் பாதிப்பு இருக்கும் என்பதால் சர்ஜனுக்கு முன்பே தெரிய வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் வாங்கிய சொட்டு மருந்துகளுக்கு கிளெய்ம் பாரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 'நோய் முதலில் கண்டறியப்பட்ட தேதி' என்று அதிலும் ஒரு கட்டம். அப்பாவைக் கேட்காமல், சர்ஜன் கடிதத்தில் இருந்த தேதியைப் போட்டுவிட்டேன்.