பிரிந்த பெற்றோரும் பிள்ளையின் யாழ்ப்பாண லீவும்

கனடாவில் பிரிந்து வாழும் தாய் தகப்பன் வார நாட்களை எப்படியோ சமாளித்துவிடுவார்கள். காலையில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் விட, பின்னேரம் மற்றவர் ஏற்றுவார். ஆளையாள் முகம் பார்க்கவே தேவையில்லை. யூலை, ஓகஸ்டில் பிள்ளை யாழ்ப்பாணம் போக வெளிக்கிடும்போதுதான் பிரச்சினை கிளம்பும்.

2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, கனடாவின் விவாகரத்துச் சட்டம் பிள்ளையின் நலனைப் பார்க்கையில் மொழி, பண்பாடு, சமயம் ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்கிறது. எனவே ஊர்ப் பயணத்தையும் பெற்றோருக்கிடையிலான உடன்படிக்கையில் எழுதிக் கேட்கலாம்.

கூடப் போகாதவர் சம்மதக் கடிதம் கொடுக்கவேண்டும். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம், போய்வரும் திகதிகள், தங்கும் விலாசம், தொலைபேசி எல்லாம் அதில் இருக்கட்டும். கையெழுத்தை நொத்தாரிசு முன்னால் வையுங்கள். கனடாச் சட்டத்தில் இது கட்டாயமில்லை, ஆனால் விமான நிலையத்தில் கேட்டால் மூலப்பிரதி கையில் வேண்டும். பலர் பிழைவிடுவது விலாசத்தில்: ‘யாழ்ப்பாணம்’ என்று மட்டும் எழுதினால் மற்றவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? அப்பம்மா வீடு கோண்டாவில், அம்மம்மா வீடு பருத்தித்துறை என்றால் இரண்டையும் திகதியோடு எழுதுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாள். இரு வீட்டாரும் பிள்ளையைக் கேட்பது 24ஆம் நாள் தேருக்குத்தான். ரிக்கற் எடுக்கமுன்னமே அதைப் பேசி முடியுங்கள்.

கோடையில் ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். யாழ்ப்பாணத்தில் காலை 7 மணி என்றால் அங்கே முதல்நாள் இரவு 9.30, வேலை முடிந்து வந்தவருக்கும் விடிய எழும்பும் பிள்ளைக்கும் தோதான நேரம். வீடியோவில் பிள்ளை தனியக் கதைக்கட்டும். பின்னால் நின்று “அம்மா அங்க ஆரோட இருக்கிறா எண்டு கேள்” என்று சொல்லிக்கொடுக்கும் மாமிமாரை அந்தப் பக்கத்துப் பெற்றோர்தான் அடக்கவேண்டும். மற்றவர் அடக்கப்போனால் அது குடும்பச் சண்டை.

இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையென்றால் பம்பும் மருந்துச் சிட்டையும் வீடு மாறும்போது கூடவே மாறவேண்டும். கடவுச்சீட்டு, கூட்டிவந்தவரிடமே இருக்கட்டும்.

“இன்னும் இரண்டு கிழமை நிக்கட்டுமே” என்று அப்பம்மாவோ அம்மம்மாவோ கேட்பா. எழுத்தில் சம்மதம் வராமல் ரிக்கற்றை மாற்றாதீர்கள். பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கடத்தி வைத்திருப்பது பற்றிய சர்வதேச ஹேக் உடன்படிக்கையில் இலங்கை 2001இல் சேர்ந்தது. ஒத்துக்கொண்ட திகதி தாண்டிப் பிள்ளையை மறித்து வைத்தால், அடுத்த பயணத்துக்கு மற்றவர் கையெழுத்து வைக்கமாட்டார்; கனடா நீதிமன்றத்திலும் அதற்குப் பதில் சொல்லவேண்டி வரலாம்.