பேரிக்கா மரத்தடியில ஆரம்பிச்ச ஊர் – கெனாடெண்டால் போய்ட்டு வந்தேன்

கேப்டவுன்ல அக்கா வீட்டுக்கு வந்ததுலேருந்து எல்லாரும் டேபிள் மவுண்டன் ஏறுனியா, பெங்குவின் பாத்தியான்னு கேட்டுட்டே இருந்தாங்க, எனக்கு மனசுல இருந்தது ஒரே ஒரு ஊர்தான். கெனாடெண்டால். "கிருபையின் பள்ளத்தாக்கு"ன்னு அர்த்தம். ஈஸ்டருக்கு அங்கதான் இருக்கணும்னு அக்காகிட்ட பிடிவாதமா சொல்லி சனிக்கிழமை காலையிலயே கிளம்பிட்டோம்.

நான் தரங்கம்பாடிக்காரி. முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிங்களான சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் வந்து இறங்குன 1706 ஜூலை 9 எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூட மனப்பாடம். ஆனா அவங்க வர்ற வழியில கப்பல் தென்னாப்பிரிக்காவோட கேப்ல (இப்போதைய கேப்டவுன்) நின்னதும், அங்க பூர்வகுடிகளான கொய்கொய் ஜனங்க இருந்த நிலைமையைப் பாத்து மனசு நொந்து ஐரோப்பாவுக்கு எழுதுனதும் எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரிய வந்துச்சு. டச்சுக்காரங்க மேய்ச்சல் நிலத்தையெல்லாம் பிடிச்சு, மாடு போய், 1713ல அம்மை வந்து கூட்டங்கூட்டமா செத்துப்போய், மிச்சம் இருந்தவங்க அந்தப் பண்ணைகள்லயே கூலிக்கு நிக்க வேண்டிய நிலைமை ஆயிடுச்சு. இவங்களுக்காக ஒருத்தர் போகணும்ங்கிற பேச்சு ஐரோப்பாவுல அடங்கவே இல்ல, கடைசியில ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல இருந்த மொரேவியன்ங்கிற புராட்டஸ்டண்ட் சபையார் ஜார்ஜ் ஷ்மிட்டை அனுப்புனாங்க. கசாப்புத் தொழில் தெரிஞ்சவர், விசுவாசத்துக்காக ஆறு வருஷம் ஜெயில்ல கிடந்தவர், வயசு 27. அவர் கேப்ல இறங்குனது 1737, அதே ஜூலை 9! இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு.

சர் லவ்ரிஸ் பாஸ்ங்கிற மலைப்பாதை ஏறி இறங்கி கேலடன் பக்கமா போனா மலையடிவாரத்துல ஊர் வருது. சின்ன ஊர்தான். கூரை வேய்ஞ்ச பழைய வீடுங்க, பெரிய ஓக் மரங்க, நடுவுல 1893ல கட்டுன சர்ச், பின்னாடி சுவர் மாதிரி மலை. ஷ்மிட் 1738ல இங்க வந்தப்ப இதுக்கு பேரு பாவியான்ஸ்க்ளூஃப், பபூன் குரங்குங்க திரியுற பள்ளத்தாக்கு. தோட்டம் போட்டாரு, பேரிக்கா மரம் ஒண்ணு நட்டாரு, கொய்கொய் ஜனங்களுக்கு டச்சு எழுத்து சொல்லிக் குடுத்தாரு. 1742ல அஞ்சு பேருக்கு ஞானஸ்நானம் குடுத்ததும்தான் பிரச்சனை. முறையா அபிஷேகம் ஆகாதவர் குடுத்த ஞானஸ்நானம் செல்லாதுன்னு கேப்ல இருந்த டச்சு குருமார் எதிர்த்து நின்னாங்க, 1744ல மனுஷன் கப்பல் ஏற வேண்டியதாப் போச்சு. திரும்பி வர விடவே இல்ல. 1785ல செத்துப்போற வரைக்கும் அவர் அந்த ஊரை மறுபடி பாக்கல.

வேற யாரா இருந்தாலும் கதை இதோட முடிஞ்சிடுச்சுன்னுதான் நினைப்பாங்க. ஆனா அந்த அஞ்சு பேர்ல ஒரு பொம்பள இருந்தா. வெஹெட்கே டிக்குயி, ஞானஸ்நானத்துல மகதலேனா, எல்லாருக்கும் லேனா. ஷ்மிட் குடுத்துட்டுப் போன புதிய ஏற்பாட்டை வச்சு அந்தப் பேரிக்கா மரத்தடியில மத்தவங்களுக்கு வாசிச்சுக் காட்டிட்டே இருந்திருக்கா. ஐயர் இல்ல, கோவில் இல்ல, மணி இல்ல. 1792 டிசம்பர்ல மூணு மொரேவியன் மிஷனரிங்க வந்து தேடுனப்ப, கிட்டத்தட்ட 80 வயசுல கண்ணு மங்கிப்போன லேனா அந்தப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டுனாளாம், ரெண்டு ஆட்டுத்தோல்ல சுத்தி தோல் பைக்குள்ள வச்சிருந்தா. அவளுக்குப் பார்வை இல்லாததால இன்னொரு பொண்ணு அதுலேருந்து வாசிச்சுக் காட்டுச்சாம். எண்ணிப் பாருங்க, 48 வருஷம்!

கெனாடெண்டால்னு பேரு வச்சது 1806ல. 1838ல ஆசிரியர் பயிற்சிப் பள்ளி வந்துச்சு, தென்னாப்பிரிக்காவுலயே முதல்முதலா. இங்க அடிச்ச கத்திக்கு அந்த ஹெர்ன்ஹூட் ஊர் பேர்லயே ஆஃப்ரிகான்ஸ் மொழியில ஒரு சொல் இருக்கு. மண்டேலா 1995ல கேப்டவுன்ல தன்னோட அரசு வீட்டுக்கே இந்த ஊர் பேரை வச்சாரு. ஆனா என்னைக் கேட்டா ஊரை ஸ்தாபிச்சது லேனாதான். சரித்திரப் புஸ்தகத்துல ஷ்மிட் பேரு முதல்ல வரும், வரட்டும்.

மியூசியத்துல அந்தப் புதிய ஏற்பாட்டை வைக்கிறதுக்குன்னு அதே பேரிக்கா மரத்துக் கட்டையில செஞ்ச பெட்டி இருக்கு. அது முன்னாடி நான் எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, அக்கா ரெண்டு தடவை வந்து கூப்பிட்டுட்டா. எங்க அப்பாயி தன்னோட பைபிளை பழைய நூல் சேலைத் துண்டுல சுத்திதான் வைக்கும், பிரிக்கும்போது முதல்ல கையைத் துடைச்சுக்கும். அந்தக் கை ஞாபகம் வந்துடுச்சு, கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல.

மறுநாள் ஈஸ்டர் ஆராதனைக்கு இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்கு வந்துட்டாங்க, பிராஸ் பேண்டு பையன்களும் குளிர்ல கையை ஊதிக்கிட்டே நின்னாங்க. மலை மேல வெளிச்சம் விழுந்ததும் ஊத ஆரம்பிச்சாங்க பாருங்க, அது நம்ம ஞானப்பாட்டுல வர்ற ஜெர்மன் ராகம்! எனக்கு ஆஃப்ரிகான்ஸ் தெரியாது, ஆனா தமிழ்லயே பாடுனேன். பக்கத்துல நின்ன வயசான அம்மா ஒருத்தங்க பாட்டுப் புஸ்தகத்தை எனக்கும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க.

வெளிய வந்ததும் அம்மாவுக்கு போன் போட்டு அப்பாயி பைபிள் எங்கம்மா இருக்குன்னு கேட்டேன். பீரோலதான் இருக்கு, துணிகூட மாத்தல, பிரிச்சு போட்டோ எடுத்து அனுப்பவான்னு கேட்டாங்க. வேணாம்மா, அப்படியே இருக்கட்டும், ஊருக்கு வந்து நானே பிரிக்கிறேன்னு சொல்லிட்டேன்.