கை சும்மா இருக்காதவர்கள்

விக்கிப்பீடியாவில் தொகுக்கிறேன் என்று சொன்னால் இரண்டில் ஒன்று கட்டாயம் வரும். "எவ்வளவு கொடுப்பாங்க?" இல்லையென்றால், "பெரிய சேவை சார்!" முதலாவதற்குப் பதில் சுலபம், ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். இரண்டாவதற்குத்தான் நெளிவேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து, ஏதோ ஒரு கட்டுரையில் யாரோ விட்டுப்போன பழைய எண்ணைத் திருத்தாமல் தூக்கம் வராது என்று உட்கார்ந்திருப்பவனை நேரில் பார்த்தால் யாருக்கும் சேவை ஞாபகம் வராது. "இவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பழைய எண் என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2023 தொடக்கத்தில் புதிதாகச் சில துணைக்கோள்கள் கணக்கில் சேர்ந்து, வியாழன் 92 என்ற எண்ணிக்கையோடு சனியை முந்தியது. அதுவரை "அதிகத் துணைக்கோள்களைக் கொண்ட கோள் சனி" என்றிருந்த இடங்களையெல்லாம் தேடி மாற்ற வேண்டியிருந்தது. மாற்றி மூச்சு விடுவதற்குள் அதே ஆண்டு மே மாதம் சனி 145-ஐத் தொட்டு மறுபடி முதலிடம். பிறகு ஒன்று கூடி 146 ஆனது, 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்ந்து 274 ஆகிவிட்டது.

ஒரு எண்தானே, மாற்றிவிட்டால் போச்சு என்று தோன்றும். ஆனால் அது ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. சனி கட்டுரையின் முதல் பத்தியில் இருக்கும், பக்கத்துத் தகவற்சட்டத்தில் இருக்கும். வியாழன் கட்டுரையில் ஒப்பீடாக இருக்கும், சூரியக் குடும்பம் கட்டுரையில் அட்டவணைக்குள் இருக்கும். டைட்டன் பக்கத்தில் "சனியின் 83 துணைக்கோள்களுள் மிகப் பெரியது" என்று ஒளிந்திருக்கும். புண்ணியவான் யாராவது "எண்பத்து மூன்று" என்று எழுத்தால் எழுதி வைத்திருந்தால் தேடலிலும் சிக்காது. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது பல்லைக் காட்டும். கடைசியில் "2025 மார்ச் நிலவரப்படி" என்று எல்லா இடத்திலும் சேர்த்துவிட்டு, மூன்றையும் நான்கையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரி, இனி எந்தப் பக்கத்துக்கும் எந்தப் பக்கமும் முரண்படவில்லை என்று தெரியும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, அதற்காகத்தான் உட்கார்ந்தேன். மனித குலத்துக்கு அறிவைப் பகிர்வது பற்றி அந்த நேரத்தில் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இது என் ஒருத்தனுடைய கிறுக்கு இல்லை. 2007-ல் ஓடெட் நோவ் என்ற ஆய்வாளர் ஆங்கில விக்கிப்பீடியர்கள் 151 பேரிடம் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டார். வாரத்துக்குச் சராசரியாக எட்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடுபவர்கள் அவர்கள். காரணங்களில் மேலே வந்தவற்றில் ஒன்று கொள்கை, அதாவது அறிவு எல்லோருக்கும் கட்டற்றுக் கிடைக்க வேண்டும் என்பது. இன்னொன்று, செய்யப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். வேலை வாய்ப்புக்கு உதவும் என்பதெல்லாம் வெகு கீழே. ருசிகரம் அடுத்ததில்தான் இருக்கிறது. பிடித்துச் செய்கிறேன் என்பதில் அதிக மதிப்பெண் போட்டவர்கள் அதிக நேரமும் செலவிட்டார்கள். கொள்கைக்கு அதிக மதிப்பெண் போட்டவர்களிடம் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. சிறிய கூட்டம்தான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் எனக்குத் தெரிந்த தொகுப்பாளர்களை நினைத்துப் பார்த்தால் பொருந்திப் போகிறது. கொள்கை வாசல்வரை கூட்டிவரும். உள்ளே வந்தபின் ஒருவருக்கு எழுத்துப்பிழை, ஒருவருக்குப் பகுப்புகள், ஒருவருக்கு வரைபடம் என்று ஆளுக்கொரு அரிப்பு பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் படிக்கிறவர்கள் யாரும் தேவையில்லையா? அங்கேதான் என் வீறாப்பு கொஞ்சம் இறங்குகிறது.

2005 அக்டோபரில் சீனப் பெருநிலப் பகுதியில் விக்கிப்பீடியா முடக்கப்பட்டது. சீன மொழி விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் என்று வெளியேயும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. அதே கணினி, அதே பக்கம், நேற்றுப் போலவே இன்றும் எழுதலாம். எழுதினார்களா? மைக்கேல் சாங், ஃபெங் சூ இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: தடைக்கு ஆளாகாத அந்தப் பங்களிப்பாளர்களின் எழுத்து சராசரியாக 42.8 விழுக்காடு குறைந்துவிட்டது. பிறரோடு உறவாடுவதில் நாட்டம் கூடுதலாக உள்ளவர்களிடம் சரிவும் கூடுதல். பிழையைக் கண்டால் பொறுக்காது என்ற என் வாதம் முழுக்க உண்மையாக இருந்தால், கூட்டம் குறைந்ததும் இவர்கள் ஏன் பேனாவை மூடி வைக்க வேண்டும்?

நானும் பார்வை எண்ணிக்கையைப் பார்ப்பவன்தான். நான் தொடங்கிய கட்டுரைகள் பலவற்றுக்கு நாளொன்றுக்கு இரண்டு பேர் வந்தால் அதிகம், அதில் ஒருவன் நானாக இருப்பேன். ஆனால் பள்ளிப் பாடத்தோடு ஒட்டிய கட்டுரைகளுக்குத் தேர்வு நேரத்தில் கோடு திடீரென்று மேலே ஏறும். யாரென்றே தெரியாத பிள்ளைகள். அந்த வாரம் அந்தக் கட்டுரைகளை இன்னொரு முறை வாசித்து ஒற்றுப்பிழை பார்ப்பேன். இதற்கு என்ன பெயரோ தெரியாது, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் கூட்டிப் பெருக்குவது மாதிரி.

பாராட்டுக்கும் இதே கதைதான். 2012-ல் மைக்கேல் ரெஸ்டிவோ, ஆர்னவுட் வான் டி ரைட் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். மிக அதிகமாகப் பங்களிக்கும் ஒரு விழுக்காட்டினரில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவர்கள் பேச்சுப் பக்கத்தில், அதாவது பிற பயனர்கள் செய்தி விட்டுப்போகும் பக்கத்தில், ஒரு நட்சத்திரப் பதக்கத்தை வைத்தார்கள். பதக்கம் என்றால் வெறும் படம், பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி. அடுத்த 90 நாட்களில் அவர்களின் உழைப்பு, பதக்கம் கிடைக்காதவர்களைவிட 60 விழுக்காடு அதிகம். இதற்கெல்லாம் மயங்குகிற ஆள் நான் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் என் பயனர் பக்கத்தில் ஒரு பதக்கம் இருக்கிறது. பக்கத்தை எத்தனையோ முறை மாற்றி எழுதியும் அது மட்டும் இடம் மாறவில்லை.

நன்றி வராவிட்டால்கூடப் பரவாயில்லை, பலர் அதோடு ஓட்டிவிடுவார்கள். ஆளைச் சாய்ப்பது வேறொன்று: உரிமையோடு கேட்கப்படும் வேலை. "இன்னும் ஏன் திருத்தவில்லை?" என்ற தொனி. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் கதை இதற்குச் சரியான சான்று. உலகெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அதை லாசே காலின் என்பவர் ஏறக்குறைய தனியாளாகப் பராமரித்துவந்தார். 2022-ல் வேகம் போதாது என்று சிலர் நெருக்கினார்கள். தன் மனநலச் சிக்கல்களைச் சொல்லி, இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம் என்பதையும் அவர் நினைவூட்ட வேண்டியிருந்தது. உதவிக்கு வந்தவர் போல் ஒரு கணக்கு மெல்ல நம்பிக்கையைப் பிடித்து, பொறுப்பை வாங்கி, மென்பொருளுக்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டது. 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று குடைந்துபோய் அதைக் கண்டுபிடித்தார். அவரைக் குடைய வைத்தது எது என்று யோசியுங்கள். அரை நொடி! நம்ம ஜாதிக்காரர், அந்த அரிப்பு ஜாதி.

புதியவர்களை எப்படித் தக்கவைப்பது என்று ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில், அவ்வப்போது விவாதம் கிளம்பும். போட்டி வைக்கலாம், பயிற்சி நடத்தலாம் என்பார்கள். நடத்தலாம், தப்பில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007-க்குப் பிறகு முனைப்பான தொகுப்பாளர்கள் குறைந்தது ஏன் என்று ஆராய்ந்த ஆரன் ஹாஃப்பேக்கரும் கூட்டாளிகளும் சொன்ன காரணம் வேறு. நல்லெண்ணத்தோடு வரும் புதியவரின் முதல் தொகுப்பே நீக்கப்படுகிறது, வாய்ப்பது தானியங்கிக் கருவி போட்ட எச்சரிக்கை வார்ப்புரு, அதாவது எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒட்டப்படும் அச்சுச் செய்தி. யார்தான் திரும்பி வருவார்கள்?

அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். புதியவர் எழுதியதை நீக்க வேண்டி வந்தால் வார்ப்புரு போடுவதில்லை, ஏன் நீக்கினேன் என்று சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுவேன். பெரும்பாலும் பதில் வராது. ஒரு மூலிகைக் கட்டுரையில் சான்றே இல்லாமல் பத்து நோய்களைக் குணமாக்கிவிட்டுப் போன ஒருவருக்கு இப்படித்தான் எழுதினேன். அவர் சண்டைக்கு வந்தார். நன்றாகவே வந்தார், பேச்சுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. சண்டைக்கு நடுவில் சான்றுகோள் இணைப்பது எப்படி என்று கேட்டார், சொல்லிக் கொடுத்தேன். இப்போது தாவரவியல் கட்டுரைகள் அவர் கையில். போன வாரம் என் பழைய கட்டுரை ஒன்றில் "சான்று தேவை" என்று நான்கு இடத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். மூன்றுக்குக் கிடைத்துவிட்டது. நான்காவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.