ஓடாநிலையில் மண், சங்ககிரியில் கல்

ஆடி 18 அன்று கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் குளித்து, கட்டுச்சோறு தின்று திரும்புவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். கிழக்கிந்தியக் கும்பெனியை எதிர்த்துச் சண்டை போட்ட தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டதும் ஓர் ஆடி 18 அன்றுதான் என்று என் அம்மாவைப் பெற்ற அப்புச்சி சொல்லிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். 1805ல் அது ஜூலை 31, இப்போது ஆகஸ்டில் வருகிறது. இருந்தும் இத்தனை வருஷத்தில் அவர் கோட்டை கட்டிய ஓடாநிலைக்கும் போனதில்லை, அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரிக்கும் போனதில்லை. இந்த ஆடியில் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அப்புச்சியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டிலிருந்து கிளம்பிவிட்டேன்.

அறச்சலூர் ரோட்டில் போகும்போதே அப்புச்சி பின்னாலிருந்து கையை நீட்டினார். "சென்னிமலை அக்கட்ட, சிவன்மலை இக்கட்ட. நடுவால ஒரு சின்னமலை வரிப்பணத்தைப் பிடுங்கிக்கிச்சுன்னு போய்ச் சொல்லுன்னாராம் கண்ணு." மைசூருக்குக் கொண்டுபோன வரிப்பணத்தை வழியில் மறித்துப் பறித்த கதை இது. தீர்த்தகிரி என்ற பேர் சின்னமலை ஆனது அப்படித்தான் என்பார்கள். அதே ஆள்தான் பிறகு கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு போய் திப்பு சுல்தான் பக்கம் நின்று கும்பெனியோடு சண்டை போட்டார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்த பின்னும் அடங்கவில்லை, ஊருக்குத் திரும்பி ஓடாநிலையில் கோட்டை கட்டினார். அடுத்த வருஷமே விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் முதலானவர்களோடு சேர்ந்து கோவைக் கோட்டையைத் தாக்கப் போட்ட திட்டம் பலிக்கவில்லை. அப்புறம் 1801ல் காவிரிக் கரையில், 1802ல் ஓடாநிலையில், 1804ல் அறச்சலூரில் என்று மூன்று சண்டை.

அந்தப் படையில் இருந்தவர்கள் பல சாதிக்காரர்கள். கோட்டைக்குள் இருந்த பட்டாளம் மட்டுமே படை என்று நினைத்தால் அந்தச் சண்டை புரியாது என்பது என் எண்ணம். ஊருக்கு ஊர் சோறு போட்டு, சேதி சொல்லி, ஒளித்து வைத்த சனமும் சேர்ந்துதான் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

ஓடாநிலையில் மணிமண்டபம் இருக்கிறது, சிலை இருக்கிறது. கோட்டை இல்லை. வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். ஒரு துண்டுச் சுவராவது கண்ணில் படுமா என்று சுற்றுமுற்றும் நடந்து பார்த்தேன், தென்னையும் மஞ்சக்காடும்தான். அப்புச்சி செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். அவரை அப்படி நான் கோயிலில்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் விடிகாலையில் சங்ககிரி. லாரிகள் உறுமும் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் எதிரே ஒரே பாறையாக மலை. அப்புச்சிக்கு முழங்கால் வலி, அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வாசல் தாண்டினால் இன்னொரு வாசல், அது தாண்டினால் இன்னொன்று, ஒவ்வொன்றும் மேலிருந்து குறிபார்க்க வசதியாக வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வாசலில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது கதவின் குடுமி சுழன்ற குழி தெரிந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், அம்மிக்கல் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. எத்தனை தடவை திறந்து மூடியிருந்தால் கல் இப்படித் தேயும்! கடைசியாகச் சின்னமலையைக் கொண்டுவந்தபோதும் இப்படித்தான் வாசல் வாசலாகத் திறந்து மூடியிருப்பார்கள் என்று தோன்றியதும் எழுந்து நடக்கவே மனம் வரவில்லை. சண்டையில் பிடிக்க முடியாதவரைச் சமையல்காரனை வைத்துப் பிடித்தார்கள் என்று சொல்கிறார்கள். தம்பிமாரோடு சேர்த்து இந்த மலையில்தான் தூக்கிலிட்டார்கள்.

மேலே பெருமாள் கோயில், சுனைகள், தெற்கே திருச்செங்கோட்டு மலை. காற்று ஆளைத் தள்ளுகிறது. அவர் கட்டிய கோட்டையில் ஒரு கல்கூட மிஞ்சவில்லை, அவரைக் கொன்ற கோட்டை மட்டும் இத்தனை திடமாக நிற்கிறதே என்று எனக்கு ஆறவேயில்லை.

இறங்கி வந்ததும், "மேல அவரு பேரு எழுதி வெச்சிருக்குதா கண்ணு?" என்றுதான் அப்புச்சி முதலில் கேட்டார்.

போகிறவர்கள் ஓடாநிலையை முதலில் பாருங்கள், சங்ககிரி அப்புறம். வெயில் ஏறுவதற்குள் மலை ஏறிவிட வேண்டும், ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். கீழே வந்ததும் மோர் குடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.